குடைநிழலுக்கு வெளியே

அரசரின் ஆதரவில் வாழ்ந்த புலவர், அந்த ஆதரவை இழந்தபின் பாடும் பாட்டை எடைபோடுவது கடினம். பாடியவரின் துயரம்தான் முதலில் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. சிறை, நாடு கடத்தல், அடைத்த அரண்மனைக் கதவு என்று கதையைக் கேட்டுவிட்டுப் படித்தால் எந்தப் பாட்டும் நல்ல பாட்டாகவே படும். மனிதருக்குக் காட்டவேண்டிய இரக்கத்தைப் பாட்டுக்கு மதிப்பெண்ணாகப் போட்டுவிடுகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதே இங்கே கேள்வி.

இதற்குத் தென்காசியை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ஆண்ட காலம் 1558 முதல் 1603 வரை. தென்காசியில் அதிவீரராம பாண்டியர் 1564-இல் முடிசூடி, அந்த நூற்றாண்டின் இறுதிவரை இருந்தார். ஒரே காலம், இரண்டு அரசவைகள். அங்கே அரசியின் அருளை இழந்த புலவர் ஒருவர். இங்கே தானே புலவராக இருந்த அரசர். அங்கே வீழ்ச்சி பாடியவருக்கு நேர்ந்தது. இங்கே வீழ்ச்சி பாட்டின் பொருளாக இருந்தது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தமிழில் போதிய முயற்சி நடக்கவில்லை.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருள் இழந்த பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது? அந்த ஒருவரை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? நிற்கும் என்றால் அது கவிதை. நிற்காது என்றால் அது மனு. எவ்வளவு அலங்காரமாக எழுதினாலும் மனு மனுதான்.

லண்டனிலிருந்து தொடங்குவோம். வால்ட்டர் ராலே பெரிய குடும்பத்துப் பிள்ளை அல்லர். எலிசபெத்தின் கண்ணில் பட்ட பிறகு எல்லாம் வேகமாக வந்தது. 1585-இல் ‘சர்’ பட்டம், இரண்டே ஆண்டுகளில் அரசியின் மெய்க்காவல் படைக்குத் தலைமை, மது வணிக உரிமங்களிலிருந்து வருமானம், குடியிருக்க மாளிகை. எல்லாம் ஒருவர் கையிலிருந்து வந்தவை. அந்த ஒருவருக்குத் தெரியாமல், அரசியின் அந்தப்புரத்தில் பணியாற்றிய எலிசபெத் துரோக்மார்ட்டனை அவர் மணந்துகொண்டார். 1592 மார்ச்சில் குழந்தை பிறந்தது. செய்தி வெளிவந்ததும், அவ்வாண்டின் நடுவில் கணவனும் மனைவியும் டவர் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள்.

அந்தச் சிறைக்காலத்தை ஒட்டியதாகப் பெரும்பாலோர் கருதும் நெடும்பாட்டு ஒன்று அவர் கையெழுத்திலேயே கிடைத்திருக்கிறது. ஐந்நூறு அடிகளுக்கு மேற்பட்டது. கடல் நிலவை நோக்கிப் பேசுவதாக அமைந்தது. கடல் ராலே, நிலவுத் தெய்வமான சிந்தியா எலிசபெத். செசில் குடும்பத்தின் ஹாட்ஃபீல்டு மாளிகைக் காகிதங்களுக்குள் கிடந்து, 1870-இல்தான் அச்சேறியது. அரசி அதைப் படித்தார் என்பதற்குச் சான்று இல்லை.

இனி முக்கியமான செய்தி. ராலேயைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது இந்தப் பாட்டு அன்று. மிளகு. 1592 ஆகஸ்ட்டில் ஆங்கிலேயக் கப்பல்கள் ‘மாத்ரே தே தேயுஸ்’ என்ற போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்தன. இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தக் கப்பலில் மிளகு மட்டும் 400 டன்னுக்கு மேல் இருந்தது. கிராம்பும் பட்டையும் பட்டும் இரத்தினமும் வேறு. டார்ட்மத் துறைமுகத்துக்கு அது வந்ததும் மாலுமிகளும் ஊர்க்காரர்களும் சூறையாடத் தொடங்கினார்கள். மாலுமிகள் சொல்கேட்கக்கூடிய ஒரே ஆள் ராலே. அரசியின் பங்கைக் காப்பாற்ற அவரைச் சிறையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் வரும் மலைச்சரிவுகளில் விளைவது அந்த மிளகு. தென்காசிக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு, ஒரு கவிஞரின் ஐந்நூறு அடிகள் செய்யாத வேலையைச் செய்தது. ஆனாலும் அரசவைக் கதவு அவருக்கு 1597 வரை திறக்கவில்லை.

பாட்டின் தரம் என்ன? சில இடங்களில் அது அச்சமூட்டும் அளவுக்கு உண்மையானது. எண்ணம் முடிவதற்குள் அடுத்த எண்ணம் வந்து முட்டுகிறது. உவமைகள் தொடங்கி, நடுவில் அறுந்து நிற்கின்றன. காய்ந்த வயல், வற்றிய ஆறு, உயிர் போனபின்னும் சற்று நேரம் சூடு தங்கும் உடல் என்று இழப்பின் பல நிலைகள் வரும் பகுதிகளில் அரசி யார், ராலே யார் என்பதே மறந்துபோகிறது. அங்கே பாட்டு நிற்கிறது. ஆனால் சில அடிகள் தாண்டியதும் நிலவு திரும்பிவிடும். ஏறத்தாழ அறுபது வயதான அரசிக்கு மூப்பில்லாத அழகைப் பாடும் பழைய வேலை தொடங்கிவிடும். வலியும் முகஸ்துதியும் ஒரே மூச்சில் வரும்போது இரண்டையும் நம்ப முடிவதில்லை. நல்ல கவிஞர் ஒருவர் மனுவுக்குள் மாட்டிக்கொண்ட பாட்டு இது என்பதே என் முடிவு. கேட்பவரை மறக்கும் இடங்களில் கவிதை. நினைக்கும் இடங்களில் விண்ணப்பம்.

தமிழுக்கு வந்தால் இந்த வகை வீழ்ச்சிக்கு நம்மிடம் கதைகள் ஏராளம். மிகப் புகழ்பெற்றது புகழேந்தியுடையது. பாண்டிய இளவரசியோடு சோழ நாட்டுக்கு வந்த புகழேந்தியை ஒட்டக்கூத்தர் பொறாமையால் சிறையில் வைத்தார் என்றும், கோபமுற்ற அரசி கதவடைத்துக்கொண்டாள் என்றும், சமாதானம் செய்யக் கூத்தர் பாடியபோது இன்னொரு தாழையும் போட்டாள் என்றும் கதை. ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் என்ற பேச்சு இன்றும் ஊர்வாயில் இருக்கிறது. கம்பருக்கும் சோழனுக்கும் பகை மூண்ட கதையும், அம்பிகாபதி கதையும் இதே வரிசை. அஷ்டாவதானம் வீராசாமிச் செட்டியாரின் விநோதரசமஞ்சரி 1876-இல் இவற்றை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அம்பிகாபதி 1937-லும் 1957-லும் திரைக்கு வந்து அழவைத்தார்.

வரலாறு இந்தக் கதைகளுக்குத் துணை நிற்கவில்லை. ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவரைப் பாடியவர். புகழேந்தியின் நளவெண்பா போற்றும் வள்ளலோ முரணைநகர்ச் சந்திரன் சுவர்க்கி. ஆய்வாளர் பலர் புகழேந்தியைக் கூத்தருக்கு ஒரு நூற்றாண்டாவது பின்னே வைக்கிறார்கள். அப்படியானால் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே முடியாது.

வரலாறாக இல்லாவிட்டாலும் கதை கருத்தைச் சொல்லும். ஆகவே அந்தக் கருத்தை எடைபோடவேண்டும். இந்தக் கதைகளில் பெரும்பாலும் புலவரே வெல்கிறார். அரசர் தவற்றை உணர்கிறார், அல்லது அரசி புலவர் பக்கம் நிற்கிறாள், அல்லது தெய்வம் இறங்கி வருகிறது. கேட்பவருக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் புலவர் ஏன் ஒருவர் தயவில் வாழவேண்டியிருந்தது என்ற கேள்வியைக் கதை எழுப்புவதே இல்லை. கெட்ட மந்திரி போய் நல்ல அரசி வந்தால் போதும் என்கிறது. மடி மாறுகிறது, மடியேந்துவது மாறவில்லை. நம் பாட்டிமார் சொன்ன கதைகள் என்பதால் இவற்றின் மீது எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் ராலேயின் சிதறிய பாட்டில் இருக்கும் வலியின் நேர்மை இவற்றில் இல்லை.

தென்காசி இங்கே வேறொரு வழியைக் காட்டுகிறது. 1311-இல் மாலிக் காபூர் மதுரைக்குள் நுழைந்ததிலிருந்து பாண்டியர் நிலை ஆட்டம் கண்டது. பின்னர் மதுரையே கைவிட்டுப் போயிற்று. தெற்கே ஒதுங்கிய கிளையில் வந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446-இல் தென்காசியில் விசுவநாதர் கோயிலைத் தொடங்கினார். அந்தக் கோயில் கல்வெட்டுப் பாடல்களில் அவர் வைத்திருக்கும் வேண்டுதல் ஒன்று உண்டு. பின்னாளில் இக்கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் பொருள். அரசர் ஒருவர், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத மனிதர்களிடம் கும்பிடு போடுகிறார். கொடுப்பவரின் இடத்தில் இருந்தவர் கேட்பவரின் இடத்துக்கு இறங்கி நின்ற காட்சி அது. அவர் அஞ்சியதும் நடந்தது. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் அப்படியே நின்றது. இன்று வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நாம் அண்ணாந்து பார்க்கும் கோபுரம் 1990-இல் முடிந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து முடிசூடிய அதிவீரராமரின் நிலை இன்னும் நெருக்கடியானது. மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றிவிட்டது. தென்காசிப் பாண்டியர் அவர்களுக்குத் திறை செலுத்தி வாழ்ந்தார்கள். மேலே இருந்த விசயநகரமும் 1565-இல் தலைக்கோட்டையில் உடைந்தது. யானை உண்டு, குடை உண்டு, பழைய மெய்க்கீர்த்திப் பெயர்கள் எல்லாம் உண்டு. அவை நிலைப்பது இன்னொருவர் விருப்பத்தைப் பொறுத்தது. வேறு சொற்களில் சொன்னால், அரசராக இருந்துகொண்டே அவர் ஓர் அரசவையாளரின் நிலையில் இருந்தார். இந்த நிலையில்தான் நைடதமும் காசிகாண்டமும் கூர்மபுராணமும் வெற்றிவேற்கையும் வந்தன.

நைடதத்தைப் பற்றிய கதை தென்காசி வட்டாரத்தில் தெரிந்ததே. பல வடிவில் உலவுகிறது. நூலை முடித்த அதிவீரராமர், கரிவலம்வந்தநல்லூரில் இருந்த தமையன் முறையினரான வரதுங்கராம பாண்டியருக்கு அனுப்பிவைத்தார். வரதுங்கரின் தேவியும் அதைப் படித்தார். வேட்டைநாய் முதலில் பாய்ந்து ஓடிப் பிறகு இளைத்துப்போவதுபோல இருக்கிறது நூல் என்று அவர் சொன்னாராம்.

இந்தக் கதையும் நடந்ததா என்று கேட்டால் சான்று காட்ட முடியாது. ஆனால் புகழேந்தி கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அரசரின் தயவைப் புலவர் இழக்கிறார். இங்கே வாசகரின் தயவை அரசர் இழக்கிறார். தீர்ப்புச் சொல்பவர் அரண்மனைப் பெண்தான், ஆனால் கதவை அடைக்கவில்லை. படித்துவிட்டுக் காரணத்தோடு சொல்கிறார். முடியும் படையும் உடையவர் எழுதினாலும் நூல் இளைத்தால் இளைத்ததுதான் என்று சொல்லும் துணிவை இந்த ஊர் தன் கதையில் பொதிந்து வைத்திருக்கிறது. தமிழில் திறனாய்வின் தொடக்கம் எங்கே என்று தேடுபவர்கள் இந்தக் கதைக்கு ஓர் இடம் தரவேண்டும்.

அந்தத் தேவியின் தீர்ப்பு சரிதானா? பாதி சரி. அன்னம் தூது போவது, தமயந்தியின் அழகு, தேவர்களுக்காக நளனே தூதனாகச் செல்லும் தர்மசங்கடம், சுயம்வர மண்டபத்தில் ஒரே உருவில் ஐவர் நிற்பது ஆகியவற்றில் நைடதம் விரிந்து, நிறைந்து, கற்பனையின் மேல் கற்பனையாக அடுக்கிச் செல்கிறது. நைடதம் புலவர்க்கு ஔடதம் என்ற பழமொழி பிறந்தது இந்தப் பகுதிகளால்தான் இருக்கவேண்டும். சூதாட்டத்துக்குப் பிறகு நடை மாறுகிறது. வருணனை சுருங்குகிறது. கதையை நகர்த்தும் அவசரம் தெரிகிறது.

ஆனால் காரணம் களைப்பு மட்டுமா? அதிவீரராமர் தழுவிய வடமொழி நூல் ஸ்ரீஹர்ஷரின் நைஷதீயசரிதம். கன்னோசி அரசவையில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த நூல். அதன் 22 சருக்கங்களும் காதலிலும் திருமணத்திலும் இல்லற இன்பத்திலும் முடிந்துவிடுகின்றன. சூதும் கானகமும் பிரிவும் அதில் இல்லை. அரசவைக்குப் பிடித்த இடத்தில் ஸ்ரீஹர்ஷர் நிறுத்திக்கொண்டார். அதிவீரராமர் நிறுத்தவில்லை. வழிகாட்டிய நூல் முடிந்த இடத்தைத் தாண்டி, அரசன் அனைத்தையும் இழக்கும் பகுதிக்குள் தாமே போனார். வேட்டைநாய் இளைத்தது என்று சொல்லும் இடம், முன்னே ஓடிய தடம் முடிந்த இடமும்கூட. நடையின் இறக்கத்தை ஒப்புக்கொள்வோம். தடம் முடிந்தும் நடந்த துணிவையும் கணக்கில் சேர்ப்போம்.

அந்தப் பின்பகுதியில் நம் கேள்விக்கு நேராக நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. நாடு போய், மனைவியைக் காட்டில் உறங்கவிட்டுப் பிரிந்து, பாம்பு தீண்டி உருமாறிய நளன், அயோத்தியில் இருதுபன்னனிடம் தேரோட்டியாகச் சேர்கிறான். மடைப்பள்ளி வேலையும் தெரிந்தவன். பேரரசன் இன்னொரு அரசனின் வேலையாள். இந்த நிலையில் அவன் எவரையும் புகழவில்லை, தன் பழைய பெருமையைச் சொல்லி இரங்கவைக்கவும் இல்லை. தமயந்திக்கு மறுசுயம்வரம் என்ற செய்தி வந்து, ஒரே நாளில் விதர்ப்பம் போகவேண்டும் என்ற நிலையில் தேர் பறக்கிறது. அரசனின் மேலாடை நழுவி விழுகிறது. நிறுத்து என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அது வெகுதூரம் பின்னே போய்விட்டது. வியந்த அரசன் தன் வித்தையைக் காட்டுகிறான். வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணாமலே கணக்குச் சொல்கிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. இருவரும் வித்தையை மாற்றிக்கொள்கிறார்கள். குதிரை நூல் அரசனுக்கு. எண்ணும் சூதும் தேரோட்டிக்கு. நளனைப் பிடித்திருந்த கலி அவனை விட்டு நீங்குவது அதன் பிறகுதான்.

இந்தக் கட்டம் பாரதத்திலேயே இருப்பது, நளவெண்பாவிலும் இருக்கிறது. அதிவீரராமரின் கண்டுபிடிப்பு என்று சொல்ல இடமில்லை. ஆனால் அருளில் வாழ்ந்து அருளில் விழும் உலகத்துக்கு மறுமொழியாக இதைவிடக் கூர்மையான காட்சி கிடையாது. விழுந்தவன் எழுவது யாருடைய மன்னிப்பாலும் அன்று. தன் தொழிலைக் கொடுத்து இன்னொரு தொழிலைப் பெறுகிறான். எஜமானும் வேலையாளும் ஒரு கணம் சமமாக நிற்கிறார்கள். ராலேயின் பாட்டில் இல்லாதது இதுதான். அங்கே கடல் நிலவுக்குத் தர எதுவும் இல்லை, ஏங்குவதைத் தவிர.

இதைச் சொன்ன வாயால் குறையையும் சொல்லவேண்டும். இவ்வளவு வலுவான பொருள் கைக்கு வந்தும் நைடதத்தின் பின்பகுதி அதை முழுதாகப் பயன்படுத்தவில்லை. ஒற்றை ஆடையை அறுத்துக்கொண்டு நளன் பிரியும் இரவைப் புகழேந்தி நாலடி வெண்பாக்களில் வைத்துவிட்டுப் போகும் வேதனை, அதிவீரராமரின் விருத்தங்களில் பரவி நீர்த்துவிடுகிறது. முன்பகுதியில் அழகுக்குப் பயன்பட்ட கருவிகளையே துயரத்துக்கும் அவர் எடுக்கிறார். அவை அதற்கு உதவவில்லை. குற்றாலத்தில் வாழ்ந்து மறைந்த ரசிகமணி டி.கே.சி. பாட்டில் உணர்ச்சியும் உருவமும் ஒன்றாகியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். அந்தக் கணக்கில் வைத்தால் நைடதத்தின் முன்பகுதியில் உருவம் மிகுகிறது, பின்பகுதியில் உணர்ச்சிக்கு உருவம் கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒன்றாதல் குறைவு.

அது வேறிடத்தில் நடந்தது. குழந்தைகளுக்கென்று நாம் ஒதுக்கிவைத்த வெற்றிவேற்கையில். நறுந்தொகை என்று இன்னொரு பெயர். எழுத்துச் சொல்லித்தந்தவரை இறைவனுக்குச் சமமாக வைத்துத் தொடங்கும் சிறுநூல். யார் யாருக்கு எது அழகு என்று வரிசையிட்டு, அரசருக்கு முறைதவறாத ஆட்சியே அழகு என்கிறது. கையேந்த நேர்ந்தாலும் படிப்பை விடாதே என்கிறது. அதன் பிறகு வாழ்க்கை புரண்டுபோவதைப் பேசும் பகுதி வருகிறது. வெண்குடைக்குக் கீழே யானையில் போனவர் கால்கடுக்க நடந்து முன்பின் தெரியாத ஊருக்குள் வந்து சேரலாம். பெருஞ்செல்வர் தருமக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கலாம். தெருவில் பிச்சைக்குக் குரல்கொடுத்தவர் அரசரோடு அமர்ந்து ஆளலாம். ஏழடுக்கு மாளிகை சரிந்து கழுதை மேயும் வெளியாகலாம்.

எழுதியவர் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். குடையும் யானையும் தனக்கே உரியவர். மாளிகையில் இருந்துகொண்டு எழுதுகிறார். ஆனால் நூலில் ‘நான்’ இல்லை. மதுரை நாயக்கர் பெயர் இல்லை. முன்னோர் ஆண்ட மதுரைக்காக ஒரு பெருமூச்சு இல்லை. எல்லாம் ‘ஆகலாம்’ என்ற ஒரே தொனியில், ஏறுவதும் இறங்குவதும் ஒரே அளவில், ஓரிரண்டு அடிகளுக்குள் முடிகின்றன. உணர்ச்சியை அடக்கியதால் வந்த உருவம் இது. அரசரை எடுத்துவிடுங்கள், தென்காசியை எடுத்துவிடுங்கள், 16ஆம் நூற்றாண்டையே எடுத்துவிடுங்கள். நூல் அப்படியே நிற்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு சொன்ன பிள்ளைக்கு இதை எழுதியவர் ஒரு பாண்டியர் என்பது தெரிந்திருக்கவேண்டிய தேவையே இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதல் மறுப்பு, செல்வம் நில்லாது என்பது பழம்பொருள், நாலடியார் எப்போதோ சொன்னது, இதில் அதிவீரராமரின் வாழ்க்கையைத் தேடுவது வலிந்த பொருள் என்பது. உண்மைதான். இந்த அடிகளை அவர் தன்னை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. சொல்லச் சான்றும் இல்லை. ஆனால் துறவி சொல்வதற்கும் முடிமன்னர் சொல்வதற்கும் எடை வேறு. துறவி தான் விட்டதைச் சொல்கிறார். மன்னர் தன் கையில் இருப்பதைக் காட்டி, இது போகலாம் என்கிறார். நாலடியார் செல்வத்தின் மேல் வெறுப்பை வளர்க்கப் பார்க்கிறது. வெற்றிவேற்கை பிச்சைக்காரர் அரசாளவும் கூடும் என்று மறுபக்கத்தையும் சேர்க்கிறது. இந்தச் சேர்க்கை துறவறப் போதனையிலிருந்து அதை விலக்குகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ராலே உண்மையாகவே சிறையில் கிடந்தார். பின்னர் 1618-இல் தலையும் போயிற்று. அதிவீரராமர் அரண்மனையில் அமர்ந்து நிலையாமை பேசினார். அடிபட்டவர் குரலையும் அடிபடாதவர் அறிவுரையையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கலாம் என்றே நினைக்கிறேன். தராசில் வைத்தது மனிதர்களை அல்ல, பாட்டுகளை. ராலேயின் துன்பம் பெரிது என்பதில் எவருக்கும் ஐயம் வராது. ஆனால் அந்தத் துன்பம் அவர் பாட்டைத் தன்னிடமிருந்து விடுவிக்கவில்லை. பாட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே ஒருவரின் முகம் எதிரே நிற்கிறது. அந்த முகம் மறைந்து நானூறு ஆண்டுகள் ஆன பிறகு படிக்கும் நாம், இருவருக்கு இடையே நடந்த பேச்சை ஒட்டுக்கேட்கிறோம். வெற்றிவேற்கையோ நம்மிடமே பேசுகிறது.

தென்காசியிலிருந்து சிற்றாற்றங்கரையோடு மேற்கே போனால் இந்த வழக்கின் இறுதிச் சாட்சி இருக்கிறது. மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். பாட்டுடைத் தலைவர் குற்றாலநாதர். ஆதரித்தவர் வடகரைச் சின்னணஞ்சாத் தேவர். மதுரை முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் நிலமும் பட்டயமும் தந்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். அரசரின் இடத்தில் தெய்வத்தை நிறுத்திவிட்டால் புலவருக்கு விடுதலை என்று சிலர் சொல்வார்கள். அதை முழுக்க ஏற்க முடியாது. பறவைகள் மேயும் வயல்களைப் பாடும்போது கோயிலுக்குக் கட்டளை வைத்தவர்களின் பெயர்களும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. தயவு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

ஆனால் கவிராயர் வேறொரு காரியம் செய்தார். கலைஞரின் இடத்தில் குறத்தியை வைத்தார். குறிசொல்ல வந்தவள் தன் மலையின் வளத்தைத் தலைநிமிர்ந்து சொல்கிறாள், பசிக்குச் சோறு கேட்டு வாங்குகிறாள், பிறகு கைபார்க்கிறாள். கடைசியில் கணவன் சிங்கன் அவள் உடம்பில் புதிதாகக் கிடக்கும் நகைகளைப் பார்த்துச் சந்தேகத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் தயங்காமல் கணக்குச் சொல்கிறாள். சிலம்பு சேலத்து நாட்டில் குறிசொன்னதற்கு. தண்டை கோலத்து நாட்டார் கொடுத்தது. பாடகம் பாண்டியர் மகளுக்குச் சொன்ன குறிக்கு. ஒவ்வொரு நகைக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. பாண்டியர் மகளும் அவள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி, அவ்வளவுதான். ஒருத்தி முகம் சுளித்தால் அடுத்த ஊருக்கு நடப்பாள். இவளை எந்த அரசவையிலிருந்தும் தள்ளிவிட முடியாது. இவள் எதிலும் உட்காரவில்லை.

நளன் தேரில் செய்த மாற்றும், குறத்தியின் நகைக்கணக்கும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. கொடுப்பது கூலியாக இருக்கும்வரை வீழ்ச்சி இல்லை. அருளாக மாறும்போதுதான் விழுவதற்கு உயரம் உண்டாகிறது. இது பழைய கதையும் அன்று. நாமக்கல் கவிஞர் 1949-இல் அரசவைக் கவிஞரானார். 1978-இல் எம்.ஜி.ஆர். அந்தப் பதவியைக் கண்ணதாசனுக்குத் தந்தார், அதுவரை எம்.ஜி.ஆரைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர் கண்ணதாசன். பதவி தந்தவருக்கு அது பெருந்தன்மை என்று பாராட்டுகிறோம். பாராட்டலாம். ஆனால் ஒரு கவிஞரின் இடம் ஒருவரின் பெருந்தன்மையைப் பொறுத்திருக்கிறது என்பதைச் சேர்த்தே பார்க்கவேண்டும். விருதுப் பட்டியலில் பெயர் வந்ததும் வராததும் பேச்சாகும் இந்நாளில், தென்காசி வைத்துவிட்டுப் போன அளவுகோல் நமக்குப் பயன்படும்.

ஆகவே தீர்ப்பு. ராலேயின் நெடும்பாட்டு மகத்தான துண்டுகள் கொண்ட, முழுமை பெறாத மனு. நம் புகழேந்தி, கம்பர் கதைகள் இனிமையானவை, ஆனால் சார்ந்து வாழும் நிலையை மறைத்து ஆறுதல் சொல்பவை. நைடதம் சுயம்வரம்வரை சிறந்த கல்விமான் ஒருவரின் படைப்பு. பின்பகுதியில் நடை தளர்கிறது என்ற பழைய தீர்ப்பை ஏற்கிறேன். அது சோர்வால் மட்டும் வந்தது என்பதை ஏற்கவில்லை. அரசவைக்கு உகந்த இடத்தோடு நிறுத்தாமல் அரசனின் வீழ்ச்சிக்குள் போனதற்காக அந்தத் தளர்ந்த பகுதிக்கே என் மதிப்பு கூடுதல். குற்றாலக் குறவஞ்சி, தயவில் வாழும் நிலைக்கு மாற்றாகக் கூலி வாங்கும் கலைஞரைக் காட்டியது.

வீழ்ச்சியைப் பற்றிய முதல்தரமான பாட்டு என்று இவற்றுள் ஒன்றைத்தான் எடுக்கச் சொன்னால், வெற்றிவேற்கையை எடுப்பேன். அதை ஆரம்பப் பள்ளிப் பாடத்தோடு நாம் முடித்துக்கொண்டது தவறு. தன் குடை நாளைக்கு இல்லாமல் போகலாம் என்று குடைக்குக் கீழே இருந்தே, யாரிடமும் எதையும் கேட்காமல் எழுதிய அரசர் உலகில் மிகச் சிலர். அந்நூலைக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கவேண்டாம். பெரியவர்களும் திரும்ப எடுத்துப் படிக்கவேண்டும், குறிப்பாக எழுதுகிறவர்கள்.